சுகுமாரன் கண்டுபிடித்த லீக்

தலையே போனாலும் பிக்கப் சாவியை நவமணியின் கையில் கொடுப்பதில்லை என்று சுகுமாரன் தீர்மானித்தார். வீட்டில் அவர் தீர்மானிப்பதற்கு மிச்சம் இருந்ததே அது ஒன்றுதான். சமையல், சாமான், யார் வீட்டுக் கல்யாணத்துக்குப் போவது, அவருடைய தேத்தண்ணீருக்கு எத்தனை கரண்டி சீனி, எல்லாமே நவமணியின் இலாகா. சீனி கிடையாது என்பது அந்த இலாகாவின் நிரந்தரச் சட்டம்.

சுகுமாரன் முப்பது வருஷம் லோரி ஓட்டியவர். ஈப்போவில் கல் ஏற்றினால் சித்தியவானில் இறக்கும் வரை ஹார்னிலிருந்து கை எடுக்காதவர் என்று பெயர். கண்ணில் புரை, உடம்பில் சர்க்கரை, இனிமேல் லோரி வேண்டாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். புரையை எடுத்துவிடலாம் என்றும் சொன்னார். "என் கண்ணு கழுகுக் கண்ணு டாக்டர்" என்று சொல்லிவிட்டு இவர் எழுந்து வந்துவிட்டார். போன மாதம் பத்து காஜா டவுனில் அந்தக் கழுகு ஒரு பூக்கடையின் வாளிகள் மேல் ஏறி இறங்கியது. வாளியை அங்கே வைத்தது பூக்காரியின் தப்பு.

லோரி போனது. மிஞ்சியது வீட்டு முன்கூரையின் கீழ் நிற்கும் கிழட்டு பிக்கப். அதற்கு வருஷத்தில் ஒரு நாள் யோகம் அடிக்கும். அவர்களுடைய குடியிருப்பான தாமானின் மாரியம்மன் கோயில் திருவிழாவில் அதன் முதுகில் ரதத்தைக் கட்டி, விளக்குப் போட்டு, அம்மனை ஏற்றி ஊர்வலம் விடுவார்கள். ஓட்டுகிறவர் சுகுமாரன். முடிந்ததும் "தேரோட்டி சுகுமாரன் அவர்கள் மேடைக்கு வரவும்" என்று மைக்கில் கூப்பிட்டு மாலை போடுவார்கள். அந்த ஒரு வரியை நினைத்துக்கொண்டேதான் மற்ற நாளெல்லாம் சீனியில்லாத தேத்தண்ணீர் தொண்டையில் இறங்கியது.

இந்த வருஷம் திருவிழாவுக்குக் காப்புக் கட்டிய மறுநாள் காலை நவமணி அவர் முன்னால் வந்து நின்றாள். கையில் ஒரு சின்ன அட்டை.

"என்னா அது?"

"லைசன்ஸ்."

"யாரோடது?"

"படம் போட்டிருக்குல்ல, பாருங்க."

சுகுமாரன் அட்டையைக் கண்ணுக்குக் கிட்டே கொண்டு போனார். பிறகு தூரத்தில் பிடித்தார். எப்படிப் பார்த்தாலும் நவமணிதான்.

"எப்ப எடுத்த?"

"நீங்க மத்தியானம் தூங்குறப்ப."

ஜெலாப்பாங் கையுறைத் தொழிற்சாலையில் இருபத்தெட்டு வருஷம் நின்று வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நவமணி. இப்போது பத்து காஜாவில் ஒரு பள்ளிக்கூடக் கேன்டீன் அவளுக்குக் கிடைத்திருந்தது. திருவிழா முடிந்த திங்கட்கிழமையிலிருந்து, பிள்ளைகள் வரும் முன்னே சோறும் சம்பலும் அங்கே இருக்க வேண்டும். ஒரு நாள் பிந்தினாலும் அந்த இடத்துக்கு வேறு ஆள் காத்திருக்கிறது. சுகுமாரன் கொண்டுபோய் விடலாம்தான். ஆனால் போன கல்யாணத்துக்கு அவரை நம்பி வடை கொடுத்து அனுப்பினாள். பந்தி முடிந்து எல்லாரும் கை கழுவிக்கொண்டிருக்கும்போது வடை போய்ச் சேர்ந்தது.

"சாவியக் குடுங்க. இன்னிலேருந்து ஓட்டிப் பழகிக்கிறேன்" என்றாள்.

"அது கியர் வண்டி நவமணி. ஒனக்கு கியர் இல்லாத ஆட்டோமெட்டிக் லைசன்ஸ்தானே குடுத்திருப்பான்?"

"கியர் லைசன்ஸ்தான் எடுத்தேன்."

 இவள் ஆரம்பத்திலிருந்தே அந்த பிக்கப்பைக் குறி வைத்துத்தான் படித்திருக்கிறாள். சாவியும் போனால் அப்புறம் அவர் யார்? சர்க்கரை வியாதிக்காரர், அவ்வளவுதான். பதறியதில் வாயிலிருந்து தானாக ஒரு பொய் விழுந்தது.

"வண்டியில போச்சோர்லா!"

"போச்சோரா? என்னா லீக்?"

"ரேடியேட்டர்ல தண்ணி நிக்கல. கூலண்ட் ஒழுகுது. அப்படியே எடுத்துட்டுப் போனா பாதி வழியில எஞ்சின் வெடிச்சிரும். பொம்பள நீ ரோட்டுல நின்னு என்ன பண்ணுவ?"

சொல்லி முடித்ததும் அவருக்கே அந்தப் பொய் பிடித்துவிட்டது. திருவிழாவுக்கு முந்தின நாள் தானே லீக்கைச் சரிசெய்ததாகச் சொல்லிவிட்டால் தேரும் ஓடும். ஊர்வலம் முடிந்ததும் லீக் திரும்ப வந்துவிடும். வண்டியின் சீக்கு வைத்தியனுடைய இஷ்டத்துக்கு வந்து போவதில் எவ்வளவு வசதி!

நவமணி சண்டை போடவில்லை. அதிலேயே அவர் உஷாராகியிருக்க வேண்டும்.

"எங்கேருந்து ஒழுகுதுன்னு எப்படிங்க கண்டுபிடிக்கிறது?" என்று கேட்டாள்.

வண்டியைப் பற்றி அவரிடம் யாரும் கேட்டு வருஷக்கணக்காகிறது. சுகுமாரன் சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டார்.

"அதுக்கெல்லாம் அனுபவம் வேணும். மொதல்ல எஞ்சின் ஆறணும். சூட்டுல மூடியத் தொறந்தா மூஞ்சி வெந்துரும். ஆறின வண்டிக்கு அடியில வெள்ளையா, காஞ்சதா ஏதாச்சும் பரப்பி வைக்கணும். பச்சக் கலர் கூலண்ட் எந்த எடத்துல சொட்டியிருக்கோ அதுக்கு நேர் மேல பாக்கணும். முன்னுக்குச் சொட்டினா ரேடியேட்டர். பெல்ட்டுக்குக் கீழ சொட்டினா வாட்டர் பம்ப். ஓரமாச் சொட்டினா ஹோஸ்."

"கீழ ஒண்ணுமே சொட்டலேன்னா?"

"அதுதான் டேஞ்சர். எஞ்சின் உள்ளுக்குள்ளேயே குடிக்குதுன்னு அர்த்தம்."

"வெளிய தெரியாம உள்ளுக்குள்ளேயே குடிக்குமா?" நவமணி அவரை ஒரு மாதிரிப் பார்த்தாள்.

"நான் வண்டியச் சொல்றேன்."

"நானும் வண்டியத்தாங்க கேக்குறேன்."

நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். அந்தத் தவளைக்காவது மழை பெய்தால்தான் வாய் திறக்கும். சுகுமாரனுக்கு ஒரு கேள்வி போதும்.

மறுநாளிலிருந்து அவருக்கு விடியற்காலை உத்தியோகம். நவமணி குளிக்கப் போனதும் இவர் கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு ஒரு காலி மைலோ டின்னோடு பிக்கப்புக்கு அடியில் நுழைவார். ரேடியேட்டரின் அடியில் தண்ணீர் இறக்குவதற்கென்று ஒரு திருகு உண்டு. அதைத் தளர்த்தி டின்னில் பிடித்துச் சாக்கடையில் ஊற்றுவார். சாட்சிக்காகத் தரையில் நாலு சொட்டு விடுவார். அப்புறம் நவமணியைக் கூப்பிட்டு மூடியைத் திறந்து காட்டுவார்.

"பாத்தியா? நேத்து ஊத்துனது எங்க போச்சு?"

"அலாமா!" என்பாள் நவமணி. கூலண்டும் தண்ணீரும் கலந்து திரும்ப ஊற்றுவாள். மறுநாள் அதுவும் சாக்கடைக்குப் போகும். ஒரு பொய்யை உயிரோடு வைத்திருக்க இவ்வளவு தண்ணீர் ஊற்ற வேண்டும் என்று அவர் நினைத்துப் பார்த்ததில்லை. லோரி ஓட்டிய காலத்தில்கூட அவர் இத்தனை அதிகாலையில் எழுந்தது கிடையாது. ஒரு திருட்டுத்தனம் மனுஷனை எவ்வளவு சுறுசுறுப்பாக்குகிறது!

புதன்கிழமை நவமணி அவரைக் கேட்காமலே ஜெலாப்பாங்கிலிருந்து போர்மேன் ஆ செங்கைக் கூட்டி வந்துவிட்டாள். ஆ செங் அந்த வட்டாரத்து வண்டிகளுக்கெல்லாம் மெக்கானிக். ரேடியேட்டரின் வாயில் ஒரு கைப்பம்பைப் பொருத்திக் காற்றடித்தான். பம்பின் முள் ஏறியது. ஏறிய இடத்திலேயே நின்றது. அவன் ஒரு சிகரெட்டைப் பிடித்து முடித்தான். முள் அசையவில்லை.

"அங்கிள், போச்சோர் தாடா லா. ஹோஸ் நல்லா இருக்கு. பம்ப் நல்லா இருக்கு. லீக் இல்ல."

"நீ பகல்ல பாக்குற. இது பகல்ல ஒழுகாது" என்றார் சுகுமாரன்.

"பகல்ல ஒழுகாதா? ஹந்துவா அங்கிள்?"

ஹந்து என்றால் பேய். நவமணி முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். இருமல் என்று சுகுமாரன் நினைத்துக்கொண்டார்.

வியாழக்கிழமை காலையும் வழக்கம்போல அடியில் நுழைந்தார், திருகினார், பிடித்தார், ஊற்றினார். வீட்டுக்குள் வந்து உட்கார்ந்ததும் நவமணி தேத்தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். அவருடைய முழங்கையை ஒரு தட்டுத் தட்டினாள். வெள்ளையாக ஏதோ பறந்தது.

"என்னங்க இது?"

"பவுடர் போட்டேன். வேர்க்குரு."

"முழங்கையிலயா?"

"எனக்கு எங்க வேணும்னாலும் வரும்."

அவள் அவர் முதுகையும் ஒரு தட்டுத் தட்டிவிட்டு அடுப்படிக்குப் போனாள். பவுடர் போட்டதாகத் தனக்கே நினைவில்லையே என்று சுகுமாரன் கொஞ்ச நேரம் யோசித்தார். சர்க்கரை ஞாபகத்தையும் தின்னும் என்று டாக்டர் சொன்னது நினைவு வந்தது.

அன்று சாயங்காலம் கோயில் தலைவர் மகேந்திரன் வீட்டுக்கு வந்தார். உட்கார்ந்ததுமே விஷயத்துக்கு வந்துவிட்டார்.

"அண்ணே, வண்டியில போச்சோராமே? ஊர்வலம் ஆமை வேகத்துல போறது. நல்ல வண்டியே சூடேறிரும். நடுரோட்டுல பொகைய விட்டு நின்னா அபசகுனம்ணே. அதான் சாமான் கடை பத்துமலையோட லோரிய கேட்டு வச்சிட்டேன்."

சுகுமாரனுக்குக் காது அடைத்தது. பத்துமலை தேரோட்டியா? அரிசி மூட்டை ஏற்றுகிறவன் அம்மனை ஏற்றுவதா?

"அதெல்லாம் ஒண்ணுமில்ல மகேந்திரன். சின்ன லீக்குதான்."

"சின்ன லீக்கா?" அடுப்படியிலிருந்து குரல் வந்தது. "எஞ்சினே வெடிச்சிரும்னு சொன்னீங்க?"

"நீ சும்மா இரு."

மகேந்திரன் முன்னால் சாய்ந்தார். "காப்புக் கட்டுன கை அண்ணே அது. அம்மா மேல ஆணையா சொல்லுங்க. லீக் இருக்கா, இல்லையா?"

சுகுமாரன் மணிக்கட்டில் இருந்த மஞ்சள் கயிற்றைப் பார்த்தார். இருக்கிறது என்றால் தேர் போகும். இல்லை என்றால் சாவி போகும். தேரா சாவியா என்று மனசுக்குள் நிறுத்துப் பார்த்தார். மாலை, மைக், ஊரே பார்க்கும் அந்த மேடை. தேர்தான் கனத்தது. உண்மையைச் சொல்லிவிட அவர் வாயைத் திறந்தார்.

அப்போதுதான் நவமணி தேத்தண்ணீர்த் தட்டோடு வந்தாள். தட்டை மேசையில் வைத்தாள். கூடவே தன் கைப்பேசியை அவர் கண்ணுக்கு நேரே, மகேந்திரனுக்குத் தெரியாதபடி, பிடித்துக் காட்டினாள்.

படத்தில் பிக்கப்புக்கு அடியில் இருக்கும் சிமெண்டுத் தரை. தரை பூராவும் அரிசி மாவு, சலித்துப் பரப்பியது. அதில் இரண்டு முழங்கைப் பள்ளம். ஒரு முதுகு கிடந்த தடம். கைலி இழுத்த கோடு. மைலோ டின் உட்கார்ந்த வட்டம். அந்த வட்டத்துக்குப் பக்கத்தில் நாலு பச்சைச் சொட்டு.

வெள்ளையாக, காய்ந்ததாக ஏதாவது பரப்பி வைக்க வேண்டும். சொன்னது அவர்தான். இவ்வளவு மாவில் படுத்துப் புரண்டும் கழுகுக் கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை.

லீக் இல்லை என்று இப்போது சொன்னால், பின்னே தண்ணீர் எப்படிப் போனது என்று மகேந்திரன் கேட்பார். அம்மன் ஏறும் வண்டிக்கு, காப்புக் கட்டிய கையால், வேண்டுமென்றே சீக்கு உண்டாக்கியவன் என்று தாமான் முழுக்கப் பேர் வரும். திருடனுக்குத் தேள் கொட்டியது போல சுகுமாரன் வாயை மூடிக்கொண்டார்.

"லீக் இருக்குண்ணே" என்று நவமணி பணிவாகச் சொன்னாள். "ஆனா எங்கேருந்து வருதுன்னு கண்டுபிடிச்சாச்சு. இவர்தான் வழி சொன்னாரு. பெரிய அனுபவம் பாருங்க. ஒரு ஆளு தண்ணி டோங்க தூக்கிக்கிட்டு வண்டி கூடவே நடந்து, நிக்கிற எடத்துல எல்லாம் பாத்து ஊத்துனாப் போதும்."

"நல்ல யோசனையா இருக்கே. யார் நடக்கிறது?"

"லீக்க இவரவிட யாருக்குண்ணே நல்லாத் தெரியும்?"

"அப்ப வண்டிய ஓட்டுறது?"

"எங்கிட்ட லைசன்ஸ் இருக்கு. கியர் லைசன்ஸ்."

மகேந்திரன் தலையைச் சொறிந்தார். "பொம்பள தேரோட்டி நம்ம கோயில்ல இதுவரைக்கும் இல்லையே."

"மேல உக்காந்திருக்கிறதும் பொம்பளதானேண்ணே" என்றாள் நவமணி.

 மகேந்திரன் சுகுமாரனைப் பார்த்தார். "நீங்க என்னண்ணே சொல்றீங்க?"

நவமணி கைப்பேசியை இன்னும் கீழே வைக்கவில்லை.

"நடக்கிறேன்" என்றார் சுகுமாரன்.

மகேந்திரன் போனதும் அவர் பொங்கிவிட்டார். "கட்டுன புருஷன ஊரு முன்னால தண்ணி தூக்க வச்சிட்டியேடி. இது ஒனக்கே நல்லா இருக்கா?"

நவமணி கோப்பைகளை எடுத்துக்கொண்டிருந்தாள். நிதானமாகவே பேசினாள். அவள் கத்தியிருந்தால் அவருக்குச் சௌகரியமாக இருந்திருக்கும்.

"கம்பெனி பஸ்சுக்கு எத்தன வருஷம் நின்னேன்? பஸ் வராத நாளு மழையில நின்னேன். அதே ரோட்டுலதான் உங்க லோரி போகும். என்னப் பாத்தா என்ன பண்ணுவீங்க?"

அவருக்கு ஞாபகம் இருந்தது. "ஹார்ன் அடிப்பேன்."

"ஹார்ன் அடிச்சு, கை காட்டிட்டுப் போவீங்க. கூட நிக்கிறவளுங்க சிரிப்பாளுங்க. வீட்டுல வந்து கேட்டா, லோரியில கல்லு ஏத்தலாம், பொண்டாட்டிய ஏத்தக் கூடாது, முதலாளி ரூல்னு சொல்வீங்க. மத்த டிரைவருங்க எல்லாம் பொண்டாட்டிய ஏத்திக்கிட்டுப் போனத நான் பாத்தேங்க."

சுகுமாரனுக்கு வெட்கமாக இருந்தது. வெட்கப்படுவது அவருக்குப் பழக்கமில்லாத வேலை. பழகிய வேலையைச் செய்தார், கோபப்பட்டார்.

"அதுக்கு இப்பப் பழி வாங்குறியா?"

"நான் பழியா கேட்டேன்? சாவிதானே கேட்டேன். மனசு வந்து குடுத்திருந்தா நீங்களே தேர் ஓட்டியிருப்பீங்க. நான் மாலையப் பாத்துக் கை தட்டியிருப்பேன். எனக்கு அது போதும்."

சொல்லிவிட்டு அவள் கையை நீட்டினாள். அவர் இடுப்பிலிருந்து சாவியை அவிழ்த்தார். அவள் உள்ளங்கையில் அது விழுந்த சத்தம் அவருக்குச் சுரீர் என்றது. 

சனிக்கிழமை சாயங்காலம் ஊர்வலம் கிளம்பியது. முன்னால் உறுமி மேளம். பின்னால் பால்குடம். நடுவில் விளக்கெல்லாம் எரிய பிக்கப், அதன் மேல் அம்மன். வண்டிக்குள் பட்டுப் புடவையில் நவமணி, முதல் கியரில், ஒரு குலுக்கல் இல்லாமல். போன வருஷம் சுகுமாரன் ஓட்டியபோது அம்மன் இரண்டு முறை அர்ச்சகர் மேல் சாய்ந்தாள். இந்த வருஷம் தலையில் வைத்த பூக்கூட அசையவில்லை.

பக்கத்தில் டோங்கை, அந்த மஞ்சள் தண்ணீர்க் கேனை, தோளில் தூக்கிக்கொண்டு சுகுமாரன் நடந்தார். தோள் இற்றுவிழுந்தது. வண்டி நின்ற இடமெல்லாம் அவள் சன்னல் வழியாக எட்டிப் பார்ப்பாள்.

"ஏங்க, தண்ணி பாருங்க."

"சூட்டு முள்ளு நடுவுலதானே நிக்கிது. சூடே ஏறலடி."

"லீக் இருக்கிற வண்டிங்க. பாத்துருங்க."

ஊரே பார்த்துக்கொண்டிருந்தது. சூடான ரேடியேட்டர் மூடியைத் தொடக்கூடாது என்பதால், அவர் முன்பக்கம் குனிந்து எட்டிப் பார்த்துவிட்டு, பக்கத்திலிருந்த பிளாஸ்டிக் குப்பியில் ஊற்றுவது போல டோங்கைச் சாய்த்துப் பாவனை காட்டினார். குப்பி நிறைந்துதான் இருந்தது. வண்டி ஒரு சொட்டுக்கூடக் குடிக்கவில்லை. கொண்டுபோன தண்ணீரையெல்லாம் கொண்டுபோன கனத்தோடே திரும்பத் தூக்கி வந்தார். வழியில் ஒரு கிழவி அவரை நிறுத்தி, "குடிக்கிற தண்ணியாப்பா?" என்று கேட்டாள். பத்துமலை தன் கடை வாசலில் நின்று, "என்னண்ணே, தண்ணிப் பந்தலா?" என்றான். இந்தச் சொல்லை அவர் செத்தாலும் மறக்க மாட்டார்.

கோயிலுக்குத் திரும்பியதும் மைக் கரகரத்தது. "தேரோட்டி திருமதி நவமணி அவர்கள் மேடைக்கு வரவும்." பழக்க தோஷத்தில் சுகுமாரனின் கால் ஒரு எட்டு முன்னால் போய்விட்டது. டோங்கின் கனம் அவரை நிறுத்தியது. மாலை நவமணியின் கழுத்தில் விழுந்தது. கைதட்டல் அடங்கும்போது மகேந்திரன் ஞாபகம் வந்தவராய்ச் சேர்த்துக்கொண்டார்: "தண்ணீர் உதவி, சுகுமாரன்."

ஞாயிற்றுக்கிழமை முழுக்க அவர் முழங்காலுக்குத் தைலம் தேய்த்தார். போகட்டும், மானம் போனது போனதுதான், இனிமேலாவது நிம்மதியாகத் தூங்கலாம் என்று நினைத்துக்கொண்டார். கேன்டீனுக்கு அவளே ஓட்டிக்கொண்டு போகட்டும். எழுந்திருக்க வேண்டியதில்லை. திருகுவதற்கும் ஒன்றுமில்லை.

திங்கட்கிழமை விடிவதற்குள் போர்வை உருவப்பட்டது.

"எந்திரிங்க. சட்டி ஏத்தணும்."

"நீதானே ஓட்டப் போற? நான் எதுக்கு?"

"தண்ணி யாரு பாக்கிறது?"

"நவமணி, லீக் இல்லேன்னு ஒனக்கே தெரியும்."

"எனக்குத் தெரியுங்க. மகேந்திரண்ணனுக்குத் தெரியாது. ஊருக்கும் தெரியாது. சொல்லிறவா?"

சுகுமாரன் எழுந்தார். சோற்றுச் சட்டி, சம்பல் சட்டி, தட்டு, கோப்பை எல்லாவற்றையும் பின்னால் ஏற்றினார். கடைசியாக டோங்கையும் ஏற்றப் போனார். அது முன்னால்தான் வர வேண்டும் என்றாள். கேன்டீன் முடிந்து திரும்பும்போது பத்து காஜா ஆஸ்பத்திரியில் அவர் கண்ணைக் காட்டப் போவதாகவும், நாள் வாங்கியாகிவிட்டது என்றும் அவள் சாதாரணமாகச் சொன்னாள். அதையும் கேட்டுக்கொண்டார். அரைத் தூக்கத்தில் வலது பக்கக் கதவைத் திறந்து ஸ்டியரிங்குக்கு முன்னால் ஏறப் போனவரின் தோளை நவமணி தொட்டாள்.

"லோரியிலதாங்க பொண்டாட்டிய ஏத்தக் கூடாது. பிக்கப்புல புருஷன ஏத்தலாம். அந்தப் பக்கமா ஏறுங்க, டோங்க மடியில வச்சிக்குங்க."